மூன்றாவது கல்லும் ஒன்றேகால் கிலோவும்

அறுபத்திரண்டு வயது முடிந்த அன்று காலை லேத்காரர் இரண்டு முடிவு எடுத்தார். ஒன்று, இந்த வருஷம் மூன்றாவது கல்லை ஏறியே தீருவது. இரண்டு, செத்தாலும் எலும்பு டாக்டரிடம் போவதில்லை. இரண்டையும் உரக்கச் சொல்லத்தான் வாயைத் திறந்தார். மனைவி அடுத்த அறையில் இருப்பது ஞாபகம் வந்தது. மனசுக்குள்ளேயே சொல்லிக்கொண்டார்.

மூன்றாவது கல் என்பது ஊருக்கு வெளியே, வேலை நின்றுபோன கல்குவாரியில் கிடக்கிற ஒரு பாறை. பாதி புதைந்த தண்ணீர்த் தொட்டி மாதிரி இருக்கும். வருஷத்துக்கு ஒரு நாள் அங்கே மோட்டார் சைக்கிள் பந்தயம். வேகப் பந்தயம் இல்லை, ஆமைப் பந்தயம். ஏழு பாறைகளை நடக்கிற வேகத்தில், காலைத் தரையில் ஊன்றாமல் ஏறி இறங்க வேண்டும். ஊன்றினால் ஒரு புள்ளி. என்ஜின் அணைந்தால் ஐந்து. யாருக்குப் புள்ளி குறைவோ அவர்தான் ஜெயித்தவர். ஒன்றுமே வாங்காதவனுக்குப் பரிசு தருகிற இடம் உலகத்தில் அது ஒன்றுதான் என்று லேத்காரர் சொல்வார். அதனால்தான் அவருக்கு அது பிடித்திருந்தது.

இன்னொரு விதியும் உண்டு. கோட்டுக்கு வந்ததும் வண்டியை அணைத்துவிட வேண்டும். விசில் ஊதியதும் மூன்று நிமிஷத்துக்குள் அவரவரே உதைத்துக் கிளப்ப வேண்டும். வேறு ஒருத்தர் கை வண்டியில் பட்டால் ஆட்டம் முடிந்தது. இந்த விதியை லேத்காரர் ஒரு பொருட்டாகவே நினைத்ததில்லை. சின்ன வண்டி, சின்ன என்ஜின். தும்மினாலே கிளம்பிவிடும்.

கிளம்புவதில் இல்லை கஷ்டம். அணைவதில்தான். ஒன்பது வருஷமாக ஒவ்வொரு தடவையும் மூன்றாவது கல்லின் உச்சியில், ஆக்ஸிலேட்டரை மூடி வண்டியைத் திருப்புகிற அந்த ஒரு நொடியில், என்ஜின் ஒரு விக்கல் விக்கி அணைந்துவிடும். முதல் வருஷம் அது அணைந்தபோது கீழே நின்றிருந்த மச்சினன், அதாவது மனைவியின் தம்பி, ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தினான்.

"அணைஞ்சாரு! மாமா அணைஞ்சாரு!"

அன்றிலிருந்து குவாரியில் அவருக்கு அதுதான் பேர். அணைஞ்சார். பிறகு டீக்கடைக்கும் வந்தது. பிறகு முடிவெட்டுகிற கடைக்கு. "அணைஞ்சார் வந்திருக்காரு, நாற்காலி போடுப்பா." மனிதன் உயிரோடு இருக்கும்போதே அவனை அப்படிக் கூப்பிடலாமா? ஒன்பது வருஷமாக அவர் மச்சினனோடு நேராகப் பேசுவதில்லை. வீட்டுக்கு வந்தால் சுவரைப் பார்த்துப் பேசுவார். சுவர் பதில் சொல்லாவிட்டாலும் அதன்மேல் அவருக்கு வருத்தம் இருந்ததில்லை.

லேத்காரர் எதையும் மறக்கிற ஆள் இல்லை. தன் கல்யாணத்தன்று மச்சினன் இவர் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு போனது வரை நினைவிருக்கிறது. திரும்பி வந்த செருப்பில் இடது வார் அறுந்திருந்தது.

அன்று வானம் கழுவாத பாத்திரம் மாதிரி இருந்தது. மனைவி தையல் மிஷினில் உட்கார்ந்து திரைச்சீலை தைத்துக்கொண்டிருந்தாள். மிதிக்கிற மிஷின். முப்பது வருஷமாக அதில்தான் தைக்கிறாள். வலது கையால் சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் காலால் மிதிப்பாள். ஒரு நாளைக்கு நூறு தடவை இதை லேத்காரர் பார்க்கிறார். பார்த்தாரே தவிர, கவனித்ததில்லை.

"என்னங்க, மாடிப் படியில ஏன் பின்பக்கமா இறங்கறீங்க?" என்றாள் அவள், துணியை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

"அது ஒரு பயிற்சி."

"எதுக்கு? பின்னாடி போற பந்தயம் ஏதாவது வருதா?"

"உனக்குச் சொன்னாப் புரியாது."

"முட்டி பூசணிக்காய் மாதிரி வீங்கியிருக்கறது புரியுதே. நேத்து கழிவறையிலிருந்து எழுந்திரிக்க என்னைக் கூப்பிட்டீங்களே, அது புரியுதே. பாறை மேல அந்த முட்டி மடங்கிச்சுன்னா என்ன ஆகும்னும் புரியுது. உங்களுக்குத்தான் புரியலை. ஆஸ்பத்திரிக்கு எப்போ வர்றீங்க?"

லேத்காரர் ஜன்னலுக்குப் போனார். எதிர்வீட்டு வாசலில் தபால்காரர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஓய்வு பெற்ற தபால்காரர். நாற்பது வருஷம் ஊர் முழுக்க நடந்த மனிதர். முட்டியில் கத்தி வைத்தார்கள். நன்றாகத்தான் ஆயிற்று என்றார்கள். ஆனால் அதற்குப் பிறகு அவர் அந்த நாற்காலியை விட்டு எழுந்ததை யாரும் பார்க்கவில்லை. காலையில் ஒரு கையைத் தூக்குவார். சாயங்காலம் ஒரு கையைத் தூக்குவார். நடுவில் ஒரு நாள் போய்விடும்.

பம்ப் கம்பெனியிலிருந்து லேத்காரரை அனுப்பி நாலு வருஷம் ஆகிறது. கொல்லைப்புறத்துக் கொட்டகையில் ஒரு பழைய லேத், ஒரு மோட்டார் சைக்கிள், வருஷத்தில் ஒரு நாள் குவாரி. இவ்வளவுதான் மிச்சம். கத்தி வைத்தால் வண்டி போகும். வண்டி போனால் நாற்காலி வரும். முட்டி வலிக்கிறது என்று அவருக்குத் தெரியாதா? நாற்காலிக்கு முன்னால் அந்த வலி ஒன்றுமே இல்லை.

திரும்பி நின்று சொன்னார். "சரி, ஒரு பந்தயம். இந்த வருஷம் மூணாவது கல்லை அணையாம ஏறிட்டா, நீ முட்டியைப் பத்திப் பேசவே கூடாது."

"ஏறலைன்னா?"

"வர்றேன். எங்க வேணா கூட்டிட்டுப் போ. என்ன வேணா அறுத்துக்கச் சொல்லு."

அவள் மிதிப்பதை நிறுத்தினாள். சக்கரம் மட்டும் தானாக இன்னும் நாலு சுற்று ஓடி நின்றது. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏறிட்டீங்கன்னா அதைப் பத்தி என் வாயில ஒரு வார்த்தை வராது. சத்தியமா."

இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டாளே என்று லேத்காரருக்குச் சந்தோஷமாக இருந்தது. முப்பத்தைந்து வருஷம் ஒருத்தியோடு வாழ்ந்தவருக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

அவரிடம் ஒரு திட்டம் இருந்தது. சின்ன என்ஜின் ஏன் அணைகிறது? உள்ளே அதோடு சேர்ந்து சுற்றுகிற சக்கரம், ஃப்ளைவீல், லேசானது. ஆக்ஸிலேட்டரை மூடினால் அடுத்த சுற்றுக்கு இழுத்துப் போக அதில் தெம்பு இல்லை. அந்தச் சக்கரத்தின்மேல் ஓர் இரும்பு வளையத்தைக் கடைந்து இறுக்கிவிட்டால் கனம் கூடும். கனம் கூடினால் மூடினாலும் ஓடும். பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. ஒன்பது வருஷம் கழித்துத் தோன்றியதுதான் ரகசியம்.

இரும்புக்கு எங்கே போவது? சமையலறைக் கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க ஒரு வட்டு முட்டுக் கொடுத்திருந்தது. கம்பெனியில் தண்டு அறுத்த மிச்சம். தட்டு அகலம், நாலு விரல் கனம், நல்ல எஃகு. மனைவிக்குத் தெரியாமல் அதை எடுத்துவிட வேண்டும் என்று மூன்று நாள் காத்திருந்தார். அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து, துண்டில் சுற்றி, குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்கிக்கொண்டு கொட்டகைக்கு நடந்தார்.

பின்னாலேயே குரல் வந்தது. "தட்டு கிட்டு ஏதாவது வேணுமாங்க? மூடியை வெளிய தள்ளணும்ல?"

லேத்காரர் நின்றுவிட்டார். அவள் சொன்னது சரிதான். வளையம் வெளியே துருத்தும், என்ஜின் மூடி உட்காராது, இடையில் ஓர் அலுமினிய வளையம் வேண்டும். அதை அவர் இன்னும் யோசித்திருக்கவில்லை.

"உனக்கு யார் சொன்னது?"

"சக்கரத்துக்குக் கனம் ஏத்தப் போறீங்க. தெரியாதா என்ன? நானும் ஒரு சக்கரத்தோடதானே குடும்பம் நடத்தறேன்." பழைய அலுமினியச் சட்டி ஒன்றை நீட்டினாள். "அடி நல்லாக் கனமா இருக்கும். வெட்டிக்குங்க."

அந்த வீட்டில் அவர் கேட்காமலே ஒரு பொருள் கைக்கு வந்தது அதுதான் முதல் தடவை.

"எவ்வளவு கனம் வைப்பீங்க?"

"நானூறு கிராம். அதுக்கு மேல தேவையில்லை."

"தம்பியும் அதான் சொன்னான்."

லேத்காரரின் காது சூடானது. "யாரு?"

"என் தம்பிதான். 'மாமாவால நானூறுக்கு மேல தாங்க முடியாது அக்கா, வயசாயிடுச்சு, நானூறோட நிறுத்திக்கச் சொல்லு'ன்னான். நல்லதுக்குத்தான் சொல்றான், பாவம்."

"அவன் என்ன எனக்குச் சொல்றது? வார் அறுத்த பய!"

"அது முப்பத்தஞ்சு வருஷம் முன்னாடிங்க."

"செருப்பு செருப்புதான்!"

கொட்டகைக் கதவைச் சாத்திக்கொண்டார். சாத்தியதும் சமையலறைக் கதவு காற்றில் படார் என்று அடித்துக்கொண்டது. அன்று முழுக்க அடித்துக்கொண்டே இருந்தது, யாரோ சாவுக்கு மேளம் அடிக்கிற மாதிரி.

வட்டை லேத்தில் பிடித்தார். கடைந்தார். நீலச் சுருள்கள் காலடியில் விழுந்தன. கடைசலில் இறங்கிவிட்டால் அவருக்கு முட்டி இருப்பதே மறந்துவிடும். நானூறு கிராமுக்கு எவ்வளவு வெட்ட வேண்டும் என்று கணக்குத் தெரியும். ஆனால் கத்தியை உள்ளே தள்ளும்போதெல்லாம் மச்சினன் முகம் தெரிந்தது. தாங்க முடியாதாமே. இன்னும் அரை விரல் வெட்டாமல் விட்டார். வயசாயிடுச்சாமே. இன்னும் அரை விரல். முடித்துச் சமையலறைத் தராசில் வைத்தபோது முள் ஒன்றேகால் கிலோவில் நின்றது. நாலு போல்ட்டுக்குத் துளை போட்டார். கத்திமுனையில் வைத்து எந்தப் பக்கமும் சாயாமல் பேலன்ஸ் பார்த்தார். வேலை சுத்தமான வேலை. அதில் யாரும் குறை சொல்ல முடியாது. கனத்தை மட்டும்தான் சொல்லலாம்.

அவள் எட்டிப் பார்த்தாள். "ஒண்ணேகாலா?"

"ஆமா. போய் உன் தம்பிகிட்டச் சொல்லு."

"சொல்றேன்," என்றாள். சேலையை மாற்றிக்கொண்டு, பையை எடுத்துக்கொண்டு, அன்று சாயங்காலம் எங்கோ போய்விட்டு வந்தாள். தம்பியிடம் சொல்லத்தான் போகிறாள் என்று லேத்காரருக்கு ஒரே திருப்தி.

மறுநாள் காலை வண்டியை வாசலுக்குத் தள்ளி வந்து, உதைப்பதற்குக் காலைத் தூக்கினார். அவள் ஓடி வந்தாள்.

"ஏங்க, காலங்காத்தால உதைச்சு உதைச்சு எதுக்குத் தெருவை எழுப்பறீங்க? இறக்கம்தானே. உக்காருங்க, நான் தள்றேன்."

தள்ளினாள். வண்டி இறக்கத்தில் உருண்டது. கிளட்சை விட்டார். என்ஜின் கிளம்பியது.

அந்தச் சத்தத்தைக் கேட்க லேத்காரர் தலையைச் சாய்த்தார். முன்பு கொசு மாதிரி அழுத என்ஜின், இப்போது வயலில் ஓடுகிற பெரிய பம்ப் மாதிரி, தட்... தட்... தட்... என்று எண்ணி எண்ணி நடந்தது. ஆக்ஸிலேட்டரை முழுதும் மூடினார். நடந்தது. நடைபாதைக் கல்லில் ஏற்றினார். முனகாமல் ஏறியது. தெருக்கோடி வரை ஊர்ந்து போய் ஊர்ந்து வந்தார். அணையவே இல்லை.

பன்னிரண்டு நாள். பன்னிரண்டு காலையும் அவள்தான் தள்ளினாள். மழைத் தூறலில் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு தள்ளினாள். எதிர்வீட்டுத் தபால்காரர் ஒரு கையைத் தூக்கினார்.

"என்ன சார், இந்த வயசுல அம்மாவைத் தள்ள விடறீங்க?"

"அவளுக்கு இஷ்டம் சார். நான் என்ன செய்ய?"

அவள் மூச்சு வாங்கிக்கொண்டே சிரித்தாள். "அவர் ஏறணும் சார். எனக்கு வேற என்ன வேணும்?"

ஐயோ பாவம், தோற்கப் போகிறவள் தன் தோல்விக்குத் தானே தள்ளுகிறாளே என்று லேத்காரருக்கு மனம் இளகிவிட்டது. ஜெயித்த பிறகு அவளிடம் கொஞ்சம் அன்பாக இருக்க வேண்டும் என்றுகூட நினைத்தார்.

பந்தய நாள். குவாரியில் சாம்பல் வெளிச்சம். இருபது முப்பது பேர் பாறைகளில் காக்கை மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். மச்சினன் தன் உதிரிபாகக் கடை வேனில் அக்காவையும் வண்டியையும் ஏற்றி வந்திருந்தான். லேத்காரர் பின்னால் வண்டியோடு உட்கார்ந்து வந்தார், முன்னால் உட்கார்ந்தால் பேச வேண்டியிருக்கும் என்று. வேனிலிருந்து பலகையில் இறக்கி, அப்படியே கோடு வரை தள்ளிக்கொண்டு போனார்.

கோடு. விசில்காரர் கடிகாரத்தைப் பிடித்தார். வண்டி அணைந்தே நின்றது.

விசில்.

லேத்காரர் வலது காலைத் தூக்கிக் கிக்கரில் வைத்து ஓர் உதை உதைத்தார்.

கிக்கர் பாதியில் நின்றது. சேற்றில் காலை விட்ட மாதிரி. மறுபடி உதைத்தார். உள்ளே அந்த ஒன்றேகால் கிலோ, தூங்குகிற எருமை மாதிரி ஒரு தடவை புரண்டு படுத்துக்கொண்டது. அப்போதுதான் அவருக்கு உறைத்தது. ஓடும்போது நிற்க மாட்டேன் என்கிற சக்கரம், நிற்கும்போது ஓட மாட்டேன் என்று சொல்லாதா? பன்னிரண்டு நாளில் ஒரு நாள்கூடத் தான் இதை உதைக்கவில்லையே.

மூன்றாவது உதை. முட்டிக்குள் ஆணி இறங்கியது. நாலாவது. கண்ணில் தண்ணீர்.

"ரெண்டு நிமிஷம் ஆச்சு," என்றார் விசில்காரர்.

"இந்த வருஷம் அணைய மாட்டாரு போல," என்றது ஒரு காக்கை. "பத்தவே இல்லையே!"

சிரிப்பு. லேத்காரர் மனைவி பக்கம் திரும்பிப் பார்த்தார். அவள் சிரிக்கவில்லை. ஒரு பாறைமேல் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். போதும், இறங்கிடுங்க என்கிற மாதிரி கையை மட்டும் லேசாக ஆட்டினாள்.

இறங்கியிருக்கலாம். வேறு யாராக இருந்தாலும் இறங்கியிருப்பார்கள். ஆனால் அவள் பக்கத்தில் நின்ற மச்சினன் வாயில் கையைக் குவித்தான். அந்த வாயிலிருந்து என்ன வரும் என்று ஒன்பது வருஷமாகத் தெரியும். லேத்காரர் உடம்பில் இருந்த அத்தனை வருஷத்தையும் வலது காலுக்கு அனுப்பி ஓர் உதை உதைத்தார்.

டக் என்று ஒரு சத்தம். என்ஜினிலா முட்டியிலா என்று பார்க்க நேரம் இல்லை. தட்... தட்... தட்... என்று வண்டி நடக்க ஆரம்பித்தது.

முதல் கல். ஏறியது. இரண்டாவது கல். ஏறியது. மூன்றாவது கல்லின் முகத்தில் முன்சக்கரம் பட்டது. பின்சக்கரம் வழுக்காமல், அவசரப்படாமல், மாடிப்படி ஏறுகிற பெரியவர் மாதிரி ஏறியது. உச்சி. ஆக்ஸிலேட்டரை மூடினார். திருப்பினார். விக்கல் வரும் இடம்.

தட்... தட்... தட்...

யாருமே கத்தவில்லை. உச்சியில் அந்த ஒரு நொடி லேத்காரர் சுற்றிப் பார்த்தார். சாம்பல் வானம், சாம்பல் கல், கீழே சின்னச் சின்ன ஆட்கள். இவ்வளவுதானா? ஒன்பது வருஷம் இதற்காகவா? பெரிதாக ஏதோ வரும் என்று நினைத்திருந்தார். முட்டி வலிதான் வந்தது.

மிச்ச நாலு கல்லும் ஏறினார். ஒரு கல்லிலும் கால் ஊன்றவில்லை. கடைசிக் கொடியைத் தாண்டினார். விசில்காரர் நோட்டில் பெரிதாக ஒரு சைபர் போட்டார். மச்சினன் இரண்டு கையையும் தூக்கிக் கத்தினான். "மாமா! ஏறிட்டாரு! அணையலை!" அவன் கண்ணில் தண்ணீர் வேறு. பகையாளி என்றால் பகையாளியாக இருக்க வேண்டாமா? அதையும் கெடுத்தான்.

லேத்காரர் வண்டியை நிறுத்தி, காலை ஊன்றப் பார்த்தார். கால் வரவில்லை. முட்டி மடங்கின இடத்திலேயே பூட்டிக்கொண்டிருந்தது. ஏழு கல்லில் ஊன்றாத கால், ஊன்ற வேண்டிய சமதரையிலும் ஊன்றவில்லை. வண்டியோடு மூட்டை மாதிரி சாய்ந்தார். விழுந்த பிறகும் என்ஜின் அணையாமல் பக்கத்தில் படுத்துக்கொண்டு தட்... தட்... என்றது. மச்சினன்தான் ஓடி வந்து அணைத்தான்.

வேனில் அவரைப் படுக்க வைத்துக் கிளம்பினார்கள். மனைவி முன்னால் உட்கார்ந்து ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை.

"பேச மாட்டே இல்ல?" என்றார் லேத்காரர் படுத்தபடியே. "ஏறிட்டேன். சத்தியம் பண்ணியிருக்கே."

அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

வேறு வழியில்லாமல், ஒன்பது வருஷத்துக்குப் பிறகு, மச்சினனிடம் பேசினார். "ஏண்டா, மாமாவால நானூறுக்கு மேல தாங்க முடியாதுன்னியாமே. ஒண்ணேகால் கிலோடா! பாத்தியா?"

மச்சினன் கண்ணாடியில் பார்த்து விழித்தான். "என்ன நானூறு மாமா?"

"சக்கரத்துக்குக் கனம். உங்க அக்காகிட்டச் சொன்னியே!"

"நான் அக்காவைப் பாத்தே ஒரு மாசம் ஆகுது மாமா. இன்னிக்குக் காலைல வேன் கொண்டான்னு போன் பண்ணுச்சு, வந்தேன்."

லேத்காரர் முன்சீட்டைப் பார்த்தார். பின்னந்தலை மட்டும் தெரிந்தது. அது வீதியை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது.

ஆஸ்பத்திரியில் பெஞ்சு முழுக்க ஆட்கள். எல்லார் காலும் ஏதோ ஒரு கோணத்தில் நீட்டிக்கொண்டிருந்தது. இவ்வளவு கூட்டத்தில் இன்றைக்கு நம்மைப் பார்க்க மாட்டார்கள், முட்டி தானாகப் பூட்டைத் திறந்துகொள்ளும், வீட்டுக்குப் போய்விடலாம் என்று லேத்காரருக்குச் சின்ன நம்பிக்கை.

"சீட்டு இருக்கா?" என்றாள் நர்ஸ்.

மனைவி பையைத் திறந்து ஒரு சீட்டை எடுத்துக் கொடுத்தாள்.

"நாலு மணி. சரியா வந்துட்டீங்க. அடுத்து நீங்கதான்," என்று நர்ஸ் அதைத் திருப்பிக் கொடுத்தாள்.

லேத்காரர் எட்டிப் பிடுங்கிப் பார்த்தார். அவர் பேர். அவர் வயசு. வலது முட்டி. இன்றைய தேதி. கீழே, சீட்டுக் கொடுத்த தேதி என்று பதிமூன்று நாளைக்கு முந்தின தேதி.

"இது எப்போ வாங்கினே?"

"நீங்க வட்டைக் கடைஞ்சீங்களே, அன்னிக்குச் சாயங்காலம்."

"அப்போ நான் ஏற மாட்டேன்னு அன்னிக்கே முடிவு பண்ணிட்டே!"

"சேச்சே. நீங்க ஏறுவீங்கன்னு எனக்குத் தெரியாதா?"

"அப்புறம் எதுக்குடி சீட்டு?"

அவள் சீட்டை அவர் கையிலிருந்து வாங்கி, இரண்டாக மடித்து, பைக்குள் வைத்து மூடினாள்.

"ஏறினாலும் ஏறாட்டியும், அந்த ஒண்ணேகால் கிலோவை முதல்ல உதைச்சுத்தானேங்க ஆகணும்?"